20 நாள் 3 மணி நேரம்

லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் நம் பெயரைத் தொட்டால் நம்முடைய ஜாதகம் திறக்கும். எத்தனை ஆட்டம், எத்தனை ஜெயம், எத்தனை தோல்வி எல்லாம் வரிசையாக இருக்கும். யாரும் கேட்காமலே இன்னொரு வரியும் இருக்கும்: இதுவரை ஆடிய மொத்த நேரம். 2025 டிசம்பர் 12ஆம் தேதி ராத்திரி, நான் அங்கே கணக்குத் தொடங்கிச் சரியாக ஒரு வருஷம் ஆன அன்று, அந்த வரியைப் பார்த்தேன். 20 நாள் 3 மணி நேரம்.

அதாவது ஒருவன் சாப்பிடாமல், தூங்காமல், வேலைக்குப் போகாமல் இருபது பகலும் இருபது ராத்திரியும் செஸ் ஆடியிருக்கிறான். அந்த ஒருவன் நான்தான். வயது 48. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன்.

வீட்டில் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"இருபது நாளா? திருப்பதிக்கு நடந்தே போய்ட்டு நடந்தே திரும்பி வந்திருக்கலாம்" என்றாள் மனைவி. "பெருமாளாவது நம்மள யாருன்னு பாத்திருப்பார்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கல்லாவில் அஞ்சு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பாத ஜாதி நாங்கள். ஒரு வருஷம் முடிந்தால் ஐந்தொகை போட்டாக வேண்டும். அதைத்தான் இங்கே போடுகிறேன்.

தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்த நாள். 2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் 14ஆவது ஆட்டம். ஆளுக்கு ஆறரைப் புள்ளி. கடையில் அன்று பெரிய வியாபாரம் இல்லை. பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து கடைப் பையன் ஒருவன் போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஆட்டம் டிராவை நோக்கிப் போவதாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வர்ணனையாளர்களின் குரல் மாறியது. டிங் தன் 55ஆவது நகர்த்தலில் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்துவிட்டார். எனக்கு அது தப்பென்றே புரியவில்லை. புரிந்தவர்கள் கத்தின கத்தலில்தான் தெரிந்தது. இன்னும் மூன்று நகர்த்தல், அவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பிள்ளை உலக சாம்பியன்.

அழுதுகொண்டே அந்தப் பிள்ளை காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் திருப்பி அடுக்கி வைத்தது. என்னை அடித்துப் போட்டது அந்தக் காட்சிதான்.

காரணம் என் பெரியப்பா. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீடாமங்கலத்துப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் அட்டையை விரித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் ஆட்டம் நடக்கும். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. தோற்றவன்தான் காயை அடுக்க வேண்டும். ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை நான்தான் அடுக்கினேன். இங்கேயோ உலகத்தையே ஜெயித்தவர் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் காய் தொடவில்லை. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதுகூட, வேட்டி கட்டிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற குதிரைச் சின்னமான 'தம்பி' பக்கத்தில் என் பையனை நிறுத்திப் படம் எடுத்ததோடு சரி. குகேஷ் ஜெயித்த அன்று ராத்திரிதான் கணக்குத் தொடங்கினேன். பையன்தான் தளத்தைச் சொன்னான். பிரான்சில் ஒரு தொண்டு அமைப்பு நடத்துகிறது, விளம்பரம் கிடையாது, காசு கேட்காது, நன்கொடையில் ஓடுகிறது என்றான். இலவசம் என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

முதல் வாரம் பட்டதை எழுதினால் சிரிப்பீர்கள். என் சிப்பாய் ஒன்று இரண்டு கட்டம் பாய்ந்து எதிராளியின் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் சிப்பாய் சாய்வாக, வெறும் கட்டத்துக்கு நகர்ந்தது. என் சிப்பாயைக் காணோம்! போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து, "இது ஏமாத்து வேலை" என்று வீடே கேட்கச் சத்தம் போட்டேன். பையன் ஓடி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அது ரூல்ப்பா. ஆன் பசான்."

சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் பாயும் உரிமை கொடுத்தபோது, அதை வைத்துக்கொண்டு அடுத்த சிப்பாயிடமிருந்து தப்பி ஓடக் கூடாதென்று சேர்த்த விதி அது. உலகத்துக்குத் தெரிந்து சில நூறு வருஷம் ஆகிறது. எங்கள் திண்ணைக்கு வந்து சேரவில்லை. திண்ணையில் வேறு சட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய், ஏற்கெனவே வெட்டுப்பட்ட காயாகத்தான் எழுந்து வரலாம். ராணி உயிரோடு இருக்கும்போது இன்னொரு ராணி கூடாது. "ஒரு வீட்டுக்கு ஒரு ராணிதாண்டா" என்பார் பெரியப்பா. தளத்தில் ஒருத்தர் மூன்று ராணியோடு என் ராஜாவைத் துரத்தியபோது அவர் ஞாபகம் வந்தது.

இன்னொரு புது அனுபவம், பார்த்தால் பரமசாது போல வந்து நின்று பதினைந்தே நகர்த்தலில் நம்மை ஊதித் தள்ளுகிறவர்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர் புதுக் கணக்குத் தொடங்கிக் கீழ்ப்படியில் வந்து ஆடுவதற்கு ஸ்மர்ஃப் என்று பெயராம். எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதுசா என்ன? நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூரில் சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரியை, சித்தர் வேஷத்தில் வந்த சிவன் ஆடி ஜெயித்துக் கல்யாணம் செய்துகொண்டார் என்று தலபுராணம். புதுக் கணக்கில் வந்த முதல் பெரிய ஆட்டக்காரர் அவர்தான்.

சரி, ரேட்டிங் கதைக்கு வருவோம். எல்லோருக்கும் 1500 கொடுத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு உள்ளே விடுகிறார்கள். 'நீ யாரென்று எங்களுக்கு இன்னும் தெரியாது' என்று அர்த்தம். ஆட ஆட அந்தக் கேள்விக்குறி மறையும். எனக்கு அது மறைந்தபோது 1288இல் நின்றேன். இந்த மாதிரி எண் கொடுக்கிற வழக்கத்தை நிலைநாட்டியவர் அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர். உலகச் செஸ் கூட்டமைப்பு 1970இல் அவர் முறையை எடுத்துக்கொண்டது. லிசெஸ்ஸில் அதற்குப் பின்னால் வந்த கிளிக்கோ-2 என்ற கணக்கு. சூத்திரம்தான் வேறே, சாரம் ஒன்றுதான். பெரிய ஆளை ஜெயித்தால் நிறைய வரவு, சின்ன ஆளிடம் தோற்றால் நிறையப் பற்று.

இந்த வருஷத்து மொத்தம்: ஆட்டம் 3,412. ஜெயம் 1,641. தோல்வி 1,623. டிரா 148.

ஜெயத்திலிருந்து தோல்வியைக் கழியுங்கள். 18. ஒரு வருஷம் கடை திறந்து வைத்து நிகர லாபம் பதினெட்டு! எந்த முதலாளியும் அன்றைக்கே ஷட்டரை இறக்கிவிடுவார்.

முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. அப்புறம் யோசித்தால் இது இப்படித்தான் வரும், வேறு மாதிரி வரவே வராது. தளம் எப்போதும் நம் எண்ணுக்குச் சமமான ஆளைத்தான் எதிரில் உட்கார வைக்கிறது. நான் ஒரு படி ஏறினால் எதிராளியும் அந்தப் படிக்காரர். 2024 டிசம்பரில் 1288இல் இருந்து பாதி ஆட்டம் தோற்றேன். 2025 டிசம்பரில் 1534இல் இருந்து பாதி ஆட்டம் தோற்றேன். எத்தனை புத்தகம் படித்தாலும், எத்தனை வீடியோ பார்த்தாலும் தோல்வியின் எண்ணிக்கை குறையாது. நம்மைத் தோற்கடிக்கிறவரின் தகுதிதான் கூடும். திண்ணையில் பத்து வருஷம் ஒரே பெரியப்பாவிடம் தோற்றவனுக்கு இது ரொம்ப நாள் உறைக்கவில்லை. அங்கே நான் தேறத் தேற அவர் தோற்க ஆரம்பித்தார். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நான் ஆடுவது ஆளுக்கு 5 நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 3 நொடி கூடுதல். நகர்த்த நகர்த்த நேரம் ஏறுகிற இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கியவர் பாபி ஃபிஷர். மகானுபாவர். அந்த 3 நொடி இல்லாவிட்டால் என் கதை எப்போதோ முடிந்திருக்கும். ஒரு நிமிஷ ஆட்டத்துக்குப் புல்லட் என்று பெயர். நாற்பது ஆட்டம் முயன்றேன். என் கட்டைவிரலுக்கு ஆகாது.

இனி மார்ச் 31 கதை.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து சரக்கு எண்ணிக்கை. பித்தளை, செம்பு, வெண்கலம், எவர்சில்வர் எல்லாம் எடை போட்டு, எண்ணி, எழுதி, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தால் வெண்கலப் பானையில் நாலு உருப்படி உதைக்கிறது. மூன்று மணி நேரம் தேடி, வேறு பிரிவில் எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வரப் பத்தே முக்கால். எல்லோரும் தூங்கியாயிற்று. சாப்பிட்டுவிட்டு, ஒரே ஒரு ஆட்டம் என்று 11.40க்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டத்தில் ஒரு குதிரை முன்னால் இருந்தேன். நல்ல நிலை. ராணியை எதிராளி ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் மேட். விரல் ஒரு கட்டம் முன்னாலேயே வழுக்கியது. ராணி போய் அவருடைய சிப்பாய் வாயில் உட்கார்ந்தது. திண்ணையாக இருந்தால், "டேய், கை தவறிடுச்சுடா, எடுத்துக்கோ" என்றிருப்பார் பெரியப்பா. (அவர் கை தவறினால் மட்டும் நான் கொடுக்க மாட்டேன். அது வேறு விஷயம்.) இங்கே யாரிடம் சொல்வது? வெட்டினார். தோற்றேன். ஆறு புள்ளி போயிற்று.

அந்த ஆறு புள்ளியை மீட்கத்தான் இரண்டாவது ஆட்டம். அந்தப் பன்னிரண்டை மீட்க மூன்றாவது. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு நான் பலகையைப் பார்க்கவே இல்லை. மேலே இருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி ஒவ்வொருவரும் அந்த முதல் ராணியை வெட்டின ஆளாகவே தெரிந்தார்கள். பிரேசில் கொடி, துருக்கிக் கொடி, போலந்துக் கொடி. எல்லோரிடமும் ஒரே ஆளைப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். ராத்திரி இரண்டு மணி சுமாருக்குப் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. இல்லாவிட்டால் விடிந்திருக்கும். பதினேழு ஆட்டம், பதினேழும் தோல்வி. 1452இல் உட்கார்ந்தவன் 1351இல் எழுந்தேன்.

இந்த நிலைக்கு டில்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் பிடித்து உலுக்கினால், அந்த வார்த்தையைக் காட்டிவிட்டு இயந்திரம் நின்றுபோகும். அங்கிருந்து சீட்டாட்டத்துக்கும், அப்புறம் ஆன்லைனுக்கும் வந்தது. என்னை விடுங்கள். ஜூன் 1ஆம் தேதி நார்வேயில் குகேஷிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றதும் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் துள்ளின. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைப் பார்க்க ரொம்ப ஆறுதலாக இருந்தது. ஆனால் அவருக்கு அன்று உடனே அடுத்த ஆட்டம் கிடையாது. மேசையைக் குத்தினார், கை கொடுத்தார், எழுந்து போய்விட்டார். என் கையிலோ 'புது எதிராளி' என்று ஒரு பொத்தான் தயாராக இருந்தது. தோற்ற அடுத்த நொடியே காய்கள் தாமாகவே ஓடி அடுக்கி நின்றுகொள்கின்றன. பெரியப்பா அடுக்கச் சொன்னாரே, அதற்கு முப்பத்திரண்டு காய், ரெண்டு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்தில் அழுகை நின்றுவிடும்.

மறுநாள் காலை மனைவி பேப்பரைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக் கூடாதென்று தமிழ்நாட்டில் பிப்ரவரியில் விதி வந்ததே, அதைப் பற்றிய செய்தி.

"கவர்ன்மென்டே சொல்லிடுச்சு பாருங்க."

"அது ரம்மிக்கு. நான் காசு வச்சா ஆடறேன்?"

"காசு வச்சாலாவது எவ்வளவு போச்சுன்னு தெரியும்."

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடுவதையே நாடு முழுக்கத் தடை செய்தபோது, கடையில் ஒருத்தர், "உங்க ஆட்டத்தையும் மூடிட்டாங்களாமே சார்" என்று துக்கம் விசாரித்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. விளக்கி முடித்தபோது எனக்கே பாதி நம்பிக்கைதான் இருந்தது. ரம்மியில் வீட்டையே தொலைத்தவர்களோடு என்னை ஒப்பிடுவது நியாயமில்லை. அவர்கள் துயரம் வேறு. ஆனால் 'போனதை மீட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன்' என்கிற அந்த வாக்கியம் இருக்கிறதே, மொட்டைமாடியில் அது என் வாயிலும் வந்தது.

ஆக, அந்த ராத்திரிக்கு மறுநாளே, ஏப்ரல் 1ஆம் தேதி, எனக்கு நானே ஓர் அரசாணை போட்டேன். அரசாங்கத்தைவிட ஒரு மணி நேரம் கடுமையாக. ராத்திரி 11 மணிக்கு மேல் ஆடக் கூடாது.

அரசாணை என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்கு முன்னால் எக்செல் கதை. நாம் ஆடிய அத்தனை ஆட்டத்தையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளத் தளம் அனுமதிக்கிறது. டிசம்பரில் இறக்கி எக்செல்லில் போட்டேன். தேதி, நேரம், வெள்ளையா கறுப்பா, முடிவு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அந்த 20 நாள் கணக்கில் இது சேராது என்பதை மனைவியிடம் சொல்லவில்லை. முதலில் ஒரு குழப்பம். நான் அதிகமாக ஆடுவது சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு என்று வந்தது. அந்த நேரம் நான் கடையில் சிட்டை எழுதிக்கொண்டிருப்பேன். முதலாளி பார்த்தால் என்ன ஆவது! அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. கோப்பில் இருப்பது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் பத்தரை, பதினொன்று. என் மானமும் போகவில்லை, உண்மையும் வெளியே வந்தது.

11 மணிக்கு முன்னால் ஆடியவை 2,106. ஜெயித்தவை 1,116. நூற்றுக்கு 53.

11 மணிக்கு மேல் ஆடியவை 1,306. ஜெயித்தவை 525. நூற்றுக்கு 40.

ஒரே ஆள், ஒரே போன், ஒரே கரோ-கான் தற்காப்பு. ராத்திரி பதினொன்று அடித்தால் நூற்றுக்குப் பதின்மூன்று ஆட்டம் காணாமல் போகிறது. பெரிய நுணுக்கமெல்லாம் இதில் இல்லை. அந்நேரம் உட்காருகிறவன் பெரும்பாலும் ஏற்கெனவே தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஜெயித்த நாளில் நான் பத்தரைக்கே போய்ப் படுத்திருக்கிறேன், அதுவும் ஏட்டில் இருக்கிறது. அரசாணைக்குப் பிறகு 11 மணிக்கு மேல் ஆடியவை மட்டும் 688. ஆணை போட்ட அரசுக்கே கட்டுப்பாடு இல்லை.

தேறிய 246 புள்ளிக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றால், டேனியல் நரோடிட்ஸ்கிக்கு. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர். கீழ்ப்படியிலிருந்து புதுக் கணக்கில் தொடங்கி, என்னைப் போன்ற அரைகுறைகளோடு ஆடிக்கொண்டே, ஏன் இந்தக் காய், ஏன் இந்தக் கட்டம் என்று பேசிக்கொண்டே போவார். அப்படிப் பல மணி நேர வீடியோக்கள் யூடியூபில் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிற பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். அவர் பேசியது பிடிபட்டது. எதிராளி தப்புச் செய்தால் அவர் கேலி செய்ய மாட்டார். 'இந்த நகர்த்தலுக்கு ஏன் மனசு போகிறதென்று எனக்குப் புரிகிறது' என்கிற மாதிரிதான் ஆரம்பிப்பார். எனக்கு வாய்த்த இரண்டாவது வாத்தியார். அக்டோபரில் இறந்துபோனார். வயது 29. செய்தியைப் பார்த்தது கடையில். அன்று ராத்திரி ஆடவில்லை. வீடியோ இருக்கிறது, அவர் பேசிக்கொண்டேதான் இருக்கிறார். போன வாரம்கூடக் கேட்டேன்.

கடைசி வருஷத்தில் அவர்மேல், ஆன்லைனில் திருட்டு ஆட்டம் ஆடுகிறார் என்ற பழியைச் சிலர் கிளப்பினார்கள். ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. எதிராளியின் முகம் தெரியாத ஆட்டத்தில் சந்தேகம் ஒரு தொற்றுநோய். எனக்கும் வந்தது. நன்றாக ஆடித் தோற்கடிக்கிறவர்களையெல்லாம், பக்கத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமைத் திறந்து வைத்திருக்கிறான் பாவி என்று திட்டியிருக்கிறேன். கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நாம் தோற்றிருந்தால், இழந்த புள்ளியைத் தளம் திருப்பிக் கொடுக்கிறது. வருஷத்தில் எனக்கு வந்தது 74 புள்ளி. வராக்கடன் வசூலான மாதிரி ஒரு சந்தோஷம். ஆனால் 1,623 தோல்வியில் இது எம்மாத்திரம்? மிச்சப் பேரெல்லாம் யோக்கியமாகத்தான் என்னை அடித்திருக்கிறார்கள். ஒருமுறை பன்னிரண்டே நகர்த்தலில் நான் ஜெயித்தபோது எதிராளி, "கம்ப்யூட்டரா?" என்று எழுதிவிட்டுப் போனார். அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த ஒரே பட்டம்.

பேச்சு என்று பார்த்தால் இந்த ஒரு வருஷத்தில் அவ்வளவுதான் பேச்சு. ஆயிரக்கணக்கான பேரோடு ஆடியிருக்கிறேன். பெரும்பாலோர் ஆட்டம் முடிந்ததும் 'ஜிஜி' என்று இரண்டெழுத்து. நல்ல ஆட்டம் என்று அர்த்தம். தோற்றால் சிலர் அதுவும் இல்லை, சிலர் அம்மாவை இழுப்பார்கள். அரட்டையை மறைக்கிற ஜென் நிலை ஒன்று தளத்தில் உண்டு. மே மாதத்திலிருந்து அதைப் போட்டுக்கொண்டேன். நிம்மதி.

"போன்ல யாரோட இவ்வளவு நேரம்?" என்று ஒரு நாள் மனைவி கேட்டாள்.

"யாரோடயும் இல்ல."

"அதான் எனக்கும் புரியல."

ஒரே ஒருத்தர் விதிவிலக்கு. பிலிப்பைன்ஸ்காரர். செபு ஊர் என்று ஒரு தடவை சொன்னார். ஆணா பெண்ணா தெரியாது. மரியாதைக்கு அவர் என்று வைத்துக்கொள்கிறேன். ஜூலையில் தற்செயலாக எதிரில் வந்தார். தோற்றார், மறு ஆட்டம் கேட்டார், ஜெயித்தார், நான் கேட்டேன். அப்படியே அறுபத்தோரு ஆட்டம். ஆகஸ்டில் ஒரு நாள், மெதுவாக ஆடலாமா என்று கேட்டார். ஒரு நகர்த்தலுக்கு 7 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். தபால் செஸ் மாதிரி. தபால் ஆபீஸ்காரரின் தம்பி மகன் மறுக்க முடியுமா?

இந்த ஆட்டம் வந்த பிறகு ஒன்று கவனித்தேன். ஐந்து நிமிஷ ஆட்டத்தை முடித்த பிறகு ஞாபகத்தில் எதுவும் நிற்பதில்லை. 3,412 ஆட்டத்தில் காய் காயாக நினைவிருப்பது நாலைந்துதான். இந்த ஆட்டத்தின் பலகையோ குளிக்கும்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. கடையில் தராசு பார்க்கும்போது அவருடைய மந்திரி எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று தெரியும். (பிஷப்பை எங்கள் திண்ணையில் மந்திரி என்போம். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கலாம்.)

நவம்பர் 3ஆம் தேதி நான் நகர்த்தினேன். 4ஆம் தேதி செபுவில் கல்மேகி புயல். டினோ என்று அங்கே அதற்குப் பெயர். வெள்ளத்தில் கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த படங்களை டிவியில் காட்டினார்கள். தளத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இல்லை. ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள். அவர் கடிகாரம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. 9ஆம் தேதி சாயங்காலம் பதினான்கு மணி நேரம் மிச்சம். அதுவும் தீர்ந்தால் ஆட்டம் எனக்கு. வருஷம் முழுக்க ஆறு புள்ளிக்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்தவன், இந்த ஜெயம் வந்துவிடக் கூடாதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது அவர் யானை நகர்ந்திருந்தது. கீழே ஒரு வரி. கரண்ட் இல்லை, வீடு தப்பித்தது, யானையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது.

அதே மாதக் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு நம் பக்கம் திரும்பியது. டெல்டா முழுக்க விடாத மழை. எங்கள் ஊர்ப் பக்கம் வயலெல்லாம் தண்ணீர். ஒன்றரை நாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வந்த பிறகு போனைத் திறந்தால் அவரிடமிருந்து, "ஆர் யூ ஓகே?" என்று இருந்தது. நகர்த்த வேண்டியது நான், அவர் முறைகூட இல்லை.

இதைப் படித்துக் காட்டியபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க வீட்ல எத்தனை பேராம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

ஐந்து நிமிஷ ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நேற்றுகூட ஆறு ஆடினேன், ரெண்டு ஜெயம், பத்து ஐம்பதுக்குப் படுத்துவிட்டேன். பையன் பழைய அட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் ஆடலாம் என்றிருக்கிறேன். தோற்றவன் காய் அடுக்க வேண்டும் என்று சொன்னதற்கு, "அப்ப நீங்கதான் அடுக்கணும்" என்கிறான்.

செபு ஆட்டத்தில் இப்போது 31ஆவது நகர்த்தல், என் முறை. ஆளுக்கு ஒரு யானை, ஒரு குதிரை, ஐந்து சிப்பாய். குதிரையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இன்னும் நாலு நாள் இருக்கிறது.